பூட்டிய விடுதிகளை மாற்றிய கடற்படை வைத்தியர்

மனநல வைத்தியசாலைகளின் பூட்டிய விடுதிகளை மாற்றியமைத்த மருந்தின் பயனை முதலில் உணர்ந்தவர் மனநல வைத்தியர் அல்லர். பிரெஞ்சுக் கடற்படையின் சத்திரசிகிச்சை நிபுணரான ஹென்றி லபோரி ஆவார்.

1914 இல் ஹனோய் நகரில் பிறந்த அவர், காலனித்துவப் படை வைத்தியரான தந்தையாரைச் சிறுவயதிலேயே ஏற்புவலிக்குப் பறிகொடுத்தார். தாமும் கடற்படை வைத்தியரானார். 1940 இல் டன்கேர்க்கில் சிரோக்கோ கப்பல் மூழ்கடிக்கப்பட்டபோது உயிர் தப்பியோருள் அவரும் ஒருவர்.

சத்திரசிகிச்சை வெற்றியளித்தும் நோயாளர் அதிர்ச்சி நிலையால் மாண்டுபோவது அவரை வாட்டியது. பரிகாரம் தேடியவர், ஒவ்வாமைக்கான சில மருந்துகள் நோயாளரை நினைவிழக்கச் செய்யாமலே அமைதிப்படுத்துவதைக் கண்டார். அவ்வகையைச் சேர்ந்த குளோர்புரோமசின், 1950 டிசெம்பரில் ரோன்-புலாங்க் நிறுவனத்தில் தயாரிக்கப்பட்டது. அது மனநோய்க்கும் உதவக்கூடும் என அவர் எடுத்துக் கூறியபோது மனநல வைத்தியர்கள் எளிதில் செவிசாய்க்கவில்லை.

1952 ஜனவரியில் பாரிஸின் வல்-து-கிராஸ் இராணுவ வைத்தியசாலையில், கடுங்கிளர்ச்சியுற்ற 24 வயது இளைஞர் ஒருவருக்கு அவரது சகாக்கள் இம்மருந்தை ஏற்றினர். மூன்று வாரமளவில் அவர் இயல்பு வாழ்வுக்குத் திரும்பும் நிலையை அடைந்தார். மின்னதிர்ச்சியும் வேறு மருந்துகளும் கூடவே அளிக்கப்பட்டிருந்தமையையும் மறைத்தல் தகாது. அதே ஆண்டில் செயின்ட் ஆன் வைத்தியசாலையில் ஷான் டெலேயும் பியர் டெனிக்கரும் இதனைத் தனித்தும் கூடிய அளவிலும் வழங்கினர். விடுதிகளின் கூச்சல் அடங்கியது. கட்டிவைக்கும் சட்டைகளின் தேவை குறைந்தது. புகழின் பெரும்பங்கு அவ்விருவரையே சேர்ந்தது. எனினும் 1957 இல் லாஸ்கர் விருது லபோரி, டெனிக்கர், கனடாவின் ஹெய்ன்ஸ் லேமன் ஆகியோருக்குக் கிடைத்தது.

கூச்சல் அடங்கியதெல்லாம் குணமாகிவிடாது. உடல் விறைத்தது, கைகள் நடுங்கின. சிலருக்கு வாயும் நாவும் தாமாகவே அசையும் நோய், மருந்தை நிறுத்திய பின்னரும் நீடித்தது. மறுக்கும் உரிமை குறைந்த பூட்டிய விடுதிகளிலேயே இவ்வாபத்து அதிகம் எனலாம். நாளாந்த மாத்திரையோடு, கிளர்ச்சி ஏற்படும்போது போடும் ஊசிகளும் சேர, மொத்த அளவு எவரும் கவனியாமலே எல்லையைத் தாண்டிவிடும். பிரித்தானிய மனநல வைத்தியர்களின் ரோயல் கல்லூரி 1993 இல் உயர் மருந்தளவு குறித்துத் தனியே வழிகாட்டல் வெளியிட நேர்ந்தது.

லபோரியோ பின்னாளில் சத்திரசிகிச்சையை விட்டு நடத்தை ஆய்வில் இறங்கினார். 1980 இல் அலென் ரெனே இயக்கிய திரைப்படமொன்றில் தாமாகவே தோன்றித் தமது எலி ஆய்வுகளை விளக்கினார். தப்பியோட வழியுள்ள எலி நலமாயிருந்தது. எதிர்த்துச் சண்டையிட முடிந்த எலியும் அவ்வாறே. இரண்டிற்கும் வழியின்றிக் கூண்டில் அடைபட்ட எலிக்கோ இரத்த அழுத்தம் ஏறி நோயுற்றது. அவர் 1995 இல் பாரிஸில் காலமானார்.