தமிழில் மருத்துவம் தந்த டாக்டர் கிறீன்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - வேதியியல்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். பள்ளியில் தமிழில் பயின்ற எனக்கு, ஆங்கில வேதியியல் நூல் பூட்டிய பெட்டியாகவே இருந்தது. அவ்வேளையில்தான் டாக்டர் சாமுவேல் கிறீனின் வாழ்வை அறிந்தேன்.

1822இல் அமெரிக்காவில் பிறந்த கிறீன், சமயப் பணியோடு மருத்துவமும் ஆற்ற 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் நோயாளரைக் கவனித்தபடியே, அவ்வூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்தில்தான். தேறியவர்களோ அரசு உத்தியோகம் நாடி வெளியூர் போயினர். கிராமத்து நோயாளியின் நிலை மாறவில்லை. ஊரோடு தங்கும் வைத்தியனுக்கு ஊர்மொழியில் நம்பகமான நூல் வேண்டும் என்று உணர்ந்தார் அவர். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார்.

நூலுக்கு எங்கே போவது? தாமே தமிழ் கற்று, மாணவர் துணையோடு மொழிபெயர்த்தார், கலைச்சொற்களைத் தொகுத்தார். உடற்கூறும் மகப்பேறும் தமிழில் நூலாயின. 1867இல் 'இரண வைத்தியம்' வந்தது. 1873இல் தாயகம் திரும்பிய பின்னும் இப்பணியை அவர் விடவில்லை. 1875இல் 'கெமிஸ்தம்' என்னும் வேதியியல் நூல் வெளிவந்தது. 1884இல் கிறீன் மறைந்தார். அவர் ஏற்படுத்திய தமிழ் வகுப்புகளில் பயின்று முப்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவராயினர்.

நண்பர்களே, வைத்தியனுக்கு விளங்காத நூலால் நோயாளிக்கு என்ன பயன்? ஆங்கிலத்தை நான் வெறுக்கவில்லை, நாளும் கற்கிறேன். கூடவே, விளங்கிய ஒவ்வொரு பாடத்தையும் தமிழில் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அடுத்த ஆண்டு என்னைப்போல் வந்து திகைக்கும் தம்பிக்கு அது உதவட்டும்.