முயல் கதையால் பிழைத்த மலைகள்

பீட்டர் முயல் கதையை எழுதியவர் பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார். 1866-ல் லண்டனில் பிறந்தவர். பதிப்பாளர்கள் கதையை வேண்டாம் என்றார்கள். 1901-ல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். மறு ஆண்டு பதிப்பகம் ஒன்று வெளியிட்டது. பணம் குவிந்தது.

நகையா வாங்கினார்? நிலம் வாங்கினார்! 1905-ல் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஒரு பண்ணை. பிறகு ஒவ்வொன்றாகப் பல.

1930-ல் அங்கே ஏரியும் குன்றுமாகப் பெரிய எஸ்டேட் ஒன்று விலைக்கு வந்தது. துண்டு துண்டாக விற்றால் அழகு போய்விடுமே! நாட்டின் இயற்கை அழகைக் காக்கும் தேசிய அறக்கட்டளையிடம் அப்போது பணம் இல்லை. சட்டம் வரட்டும் என்று அம்மையார் காத்திருக்கவில்லை. தாமே முழுவதையும் வாங்கினார். பாதியை வாங்கிய விலைக்கே அறக்கட்டளைக்குக் கொடுத்தார்.

நிலத்தை வேலி போட்டுப் பூட்டவும் இல்லை. குடியானவர்கள் ஆடு வளர்த்தார்கள்.

1943 டிசம்பர் 22-ல் காலமானார். உயிலின்படி 4,000 ஏக்கருக்கு மேல் அறக்கட்டளைக்குப் போயிற்று. மலைப் பண்ணைகளில் ஹெர்ட்விக் என்ற அந்த ஊர் ஆடுகளையே வளர்க்கவேண்டும் என்றும் எழுதியிருந்தார்.