மணலிலே ஒலியைக் கண்டவர்

பௌதிகம் கற்பிப்பவனுக்கு ஒலி தொல்லை தரும் பாடம். ஒளியைக் காட்டலாம், வெப்பத்தைத் தொட்டுணரச் செய்யலாம். ஒலி பொருள்களை அசைக்கின்றது என்பதை எங்ஙனங் காட்டுவது? இவ்விடர் நேரும்போதெல்லாம் ஏர்ண்ஸ்ட் கிளாட்னியை நினைந்துகொள்வேன்.

1756 இல் சக்சனி நாட்டு விற்றன்பேர்க் நகரிற் பிறந்தவர் அவர். தந்தையார் சட்டப் பேராசிரியர், கண்டிப்பு மிக்கவர். விஞ்ஞானத்தில் நாட்டங்கொண்ட மகனைச் சட்டமே படிக்க வைத்தார். மகனும் பணிந்து, லைப்சிக்கிற் பட்டமும் பெற்றார். 1782 இல் தந்தையார் காலமானார். சட்ட நூல்களும் மூடப்பட்டன.

மின்னேற்றிய பரப்பிலே தூவிய தூள், விண்மீன்களையொத்த உருவங்களாகத் திரள்வதை லிக்ரன்பேர்க் என்பார் 1777 இற் கண்டிருந்தார். ஒலியும் அவ்வாறு உருவங் காட்டாதோ என்று கிளாட்னி எண்ணினார். மெல்லிய தகடொன்றைப் பிடித்து, அதன்மேல் மணலைத் தூவி, விளிம்பை வயலின் வில்லால் இழுத்தார். தகடு ஒலித்தது, மணல் துள்ளிற்று, பின்னர் வரிவரியாய் அமைந்து நின்றது. அதிரும் இடங்களினின்று எறியப்பட்ட மணல், அதிராத கணுக்கோடுகளிற் போய்ச் சேர்வதனாலேயே அக்கோலம் எழுகின்றது. பிடிக்கும் இடம் மாறினாற் சுரம் மாறும்; கோலமும் மாறும். சுரம் உயர உயர வரிகள் நெருங்கும்.

வில்லும் வேண்டுவதில்லை. இன்று ஒலிபெருக்கியொன்றை அருகில் வைத்து, தகட்டுக்குரிய சுரத்தை ஒலித்தால், காற்று வழியே வரும் அழுத்தமே தகட்டை அசைத்து மணலை நகர்த்திவிடும். யானும் வகுப்பிலே ஒருமுறை முயன்றேன். மணல் ஈரமாயிருந்தது, கோலம் எழவில்லை, மாணவர் சிரிப்பே எழுந்தது.

1787 இல் தம் கண்டுபிடிப்பை நூலாக்கிய கிளாட்னிக்குப் பல்கலைக்கழகப் பதவி எதுவும் வாய்க்கவில்லை. தாமே அமைத்த இசைக் கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஊரூராய் விரிவுரையாற்றியே வயிறு வளர்த்தார். விண்ணிலிருந்து இரும்பு விழுகின்றதென 1794 இல் எழுதி நகைப்புக்கும் ஆளானார். பிற்காலம் அதை மெய்யென ஏற்றது.

1809 இல், பாரிஸ் அரண்மனையில், நெப்போலியன் முன்னே மணல் கோலமிட்டது. வியந்த பேரரசன் அவரது ஒலியியல் நூலைப் பிரெஞ்சில் ஆக்க 6000 பிராங்க் அளித்தான். அக்கோலங்களுக்குக் கணித விளக்கந் தருவோர்க்கு 3000 பிராங்க் பரிசும் அறிவிக்கப்பட்டது. 1816 இல் அதை வென்றவர் சோபி ஜேர்மேன். பெண் என்பதாற் பல்கலைக்கழக வாயில் அடைக்கப்பட்டவர். பதவியற்றவர் தொடுத்த வினாவுக்கு, வாயில் மறுக்கப்பட்டவரிடமிருந்து விடை வந்தது எனக்கு எப்போதும் வியப்பே. அவ்விடையிலுங் குறையிருந்தது என்பது வேறு கதை.

கிளாட்னி பின்னரும் ஊர் ஊராய்ச் சென்றார். விரிவுரைக்காகச் சென்றிருந்த பிரெஸ்லோ நகரிலேயே, 1827 ஏப்ரல் 3 ஆம் நாள் காலமானார்.