பந்தாட்டம் கற்பித்த பள்ளியாசிரியர்

கால்பந்தாட்டத்தில் ஒரு நாட்டின் அணியை வெல்லச் செய்வது எது? ஆட்டக்காரரின் கால்களில் இயல்பாக அமைந்த திறமையா? அல்லது களத்தின் ஓரத்தில் நின்று கைகாட்டும் பயிற்சியாளரின் அறிவா? எங்கள் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு நாள் தொடங்கிய வாதம், தட்டுக் கழுவிய பின்னும் ஓயவில்லை. 2022ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் சவூதி அரேபியா, ஆர்ஜென்டினாவை 2-1 என்று வீழ்த்தியதை ஒரு நண்பர் சான்றாகக் கொண்டுவந்தார். பெயர் தெரியாத ஆட்டக்காரரைக் கொண்டு மெஸ்ஸியின் அணியையே மடக்கியவர் பயிற்சியாளரன்றி வேறு யார் என்பது அவர் கட்சி. அதே ஆர்ஜென்டினா ஒரு மாதத்திற்குள் கோப்பையைக் கையில் ஏந்தியதே, முடிவில் நின்றது திறமைதானே என்பது என் கட்சி.

நான் இயற்பியல் மாணவன். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்துப் பார்த்தால்தான் விளைவுக்குக் காரணம் எது என்று துணிந்து சொல்லலாம். ஆட்டக்களம் ஆய்வுக்கூடம் அன்று. அங்கே அப்படிச் சோதிக்க வழியில்லை. ஆயினும் அச்சோதனைக்கு மிக நெருங்கிய ஒன்று, நாம் வந்து வாழும் இந்த ஐதராபாத் நகரத்து மனிதர் ஒருவரின் வாழ்க்கையில் நடந்திருக்கிறது. அவர் பெயர் சையத் அப்துல் ரஹீம். ஊரார் அவரை ரஹீம் சாகிப் என்பார்கள். 2024இல் அவரைப் பற்றி ‘மைதான்’ என்று ஓர் இந்திப் படம் வந்தது. நண்பர் சிலர் அதைப் பார்த்திருப்பீர்கள். படம் படம்தான், வாழ்க்கை அதைவிடச் சுவையானது.

ரஹீம் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியாப் பல்கலைக் கழகத்தின் அணிக்கு ஆடியவர். பெரிய ஆட்டக்காரர் என்று பெயர் எடுத்தவர் அல்லர். தொழிலால் பள்ளியாசிரியர். காச்சிகூடா நடுநிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி முதலிய இடங்களில் பணியாற்றினார். பின்னர் உடற்பயிற்சிக் கல்வியில் பட்டயம் பெற்றுப் பள்ளிகளின் விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றார். 1943இல் ஐதராபாத் கால்பந்துக் கழகத்தின் செயலாளரானவர், சாகும்வரை அப்பொறுப்பில் இருந்தார்.

ஆசிரியர் என்ற சொல்லை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அவர் செய்த புதுமைகளெல்லாம் வகுப்பறை அறிந்தவன் செய்யக்கூடியவை. இளைஞர்களுக்கென்று விந்தையான போட்டிகளை அவர் நடத்தினார். ஒரு போட்டியில் பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு எதிரியை ஏமாற்றி ஓடக் கூடாது. வந்த பந்தை உடனே அடுத்தவனுக்குத் தள்ளிவிட வேண்டும். மற்றொன்றில் பழக்கமில்லாத காலால்தான் உதைக்க வேண்டும். வலக்காலன் இடக்காலால் தடுமாறுவதைப் பார்க்க வந்தவர்கள் சிரித்திருப்பார்கள். சில ஆண்டுகளில் அந்தச் சிரிப்புக்கு இடமில்லாமற் போயிற்று. ரஹீம் பயிற்றுவித்த ஐதராபாத் நகரப் போலீஸ் அணி, பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. கால்பந்தென்றால் கல்கத்தா என்றிருந்த காலத்தில், தக்காணத்துப் போலீஸ்காரர்கள் அந்த நினைப்பைக் கலைத்தார்கள்.

1951இல் புது டில்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. ரஹீமின் பயிற்சியில் இந்திய அணி இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் பெற்றது. மேவாலால் அந்த ஒரு கோலைப் போட்டார். பயிற்சியாளரின் பெருமைக்கு இதுவே போதும் என்று தோன்றும். ஆனால் அடுத்த ஆண்டே விழுந்த அடி பெரிது.

ஹெல்சிங்கி ஒலிம்பிக், 1952 ஜூலை. எதிரே யூகோஸ்லாவியா. நம்மவர் பலர் வெறுங்காலோடு ஆடினர். குளிர்ந்த வடநாட்டு மண். பூட்ஸ் அணிந்த எதிரிகள். நம் நாட்டில் பல ஆட்டங்கள் 70 நிமிடத்தில் முடிந்துவிடும், அங்கோ 90 நிமிடம் ஓட வேண்டும். முடிவு 10-1. நமக்கு ஆறுதலாக அகமது கான் ஒரு கோல் போட்டார்.

இங்கேதான் என் பழைய கட்சி ஆட்டம் கண்டது. டில்லியில் தங்கம் வென்றவர்களுக்கு அடுத்த ஆண்டே திறமை வற்றிவிடுமா? வற்றாது. சரி, பயிற்சியாளர் மாறினாரா? அவரும் மாறவில்லை. அதே மனிதர்தான். அப்படியானால் திறமை என்று நாம் சொல்வதும், பயிற்சி என்று நாம் சொல்வதும் தனியே எடை போடக்கூடிய பொருள்கள் அல்லவோ என்ற ஐயம் எனக்கு எழுந்தது. காலில் பூட்ஸ் இல்லாத திறமைக்கு ஹெல்சிங்கியில் மதிப்பில்லை. பூட்ஸ் போட வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் அதிகாரம் இல்லாத பயிற்சியாளருக்கும் மதிப்பில்லை. தோல்விக்குப் பிறகே கால்பந்துச் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது.

ரஹீம் அந்தத் தோல்வியை மூடி மறைக்கவில்லை, அதிலிருந்து படித்தார். ஹெல்சிங்கியில் தங்கம் வென்றது ஹங்கேரி. 1953இல் அதே ஹங்கேரி இலண்டன் வெம்பிளித் திடலில் இங்கிலாந்தை 6-3 என்று நொறுக்கி உலகை வியக்கச் செய்தது. முன்வரிசையின் நடுவில் நிற்க வேண்டியவனைச் சற்றே பின்னுக்கு இழுத்து, அவனைத் தொடர்ந்து வரும் தடுப்பாளனையும் இடம் பெயரச் செய்து, உண்டான இடைவெளியில் மற்றவர் புகுவது அவர்கள் முறை. நம் நாட்டில் அந்நாள்வரை பின்னால் இருவர், நடுவில் மூவர், முன்னால் ஐவர் என்று நிற்பதே வழக்கம். ரஹீம் ஹங்கேரியரின் முறையைப் பழகுவித்தார். பின்னால் நால்வர், நடுவில் இருவர், முன்னால் நால்வர் என்ற அமைப்பை நோக்கி நம்மவரை நடத்தினார். 1958இல் பிரேசில் உலகக் கோப்பை வென்றபோது பலரும் புகழ்ந்த அமைப்பு அதுவே.

1956, மெல்போர்ன். முதற் சுற்றில் ஹங்கேரி விலகிக்கொண்டதால் நமக்கு ஆடாமலே வெற்றி. அடுத்து ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4-2 என்று வென்றோம். நெவில் டிசூசா மூன்று கோல் போட்டார். அரையிறுதியில் மீண்டும் அதே யூகோஸ்லாவியா! முதல் கோலைப் போட்டவர்கள் நாம். பின்னர் நான்கு கோல் வாங்கித் தோற்றோம். பல்கேரியாவிடமும் தோற்று நான்காம் இடம். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடைந்த மிக உயர்ந்த இடம் இன்றுவரை அதுவே.

10-1 என்பது நான்கு ஆண்டுகளில் 4-1 ஆயிற்று. இருமுறையும் யூகோஸ்லாவியா வெள்ளி வென்ற நாடு. ஆய்வு மாணவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும்: 1956இல் வந்த யூகோஸ்லாவியர்கள் 1952இல் வந்தவர்கள் அல்லர், நம் அணியிலும் புதுமுகங்கள் பல. ஆகவே இதைச் சரியான சோதனை என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் அந்தப் புதுமுகங்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். அகமது உசேன், சுல்பிகாருத்தீன், பலராம், தங்கராஜ் - எல்லாரும் இந்த ஐதராபாத், சிக்கந்தராபாத் திடல்களில் ஆடி வளர்ந்தவர்கள்.

கடைசி இரு பெயர்களையும் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பீட்டர் தங்கராஜ், துளசிதாஸ் பலராம். சிக்கந்தராபாத்தின் இராணுவக் குடியிருப்புகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வாழ்ந்து வருவதை நாம் அறிவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல இட்லி தேடி நாம் போவதும் அந்தப் பக்கந்தானே! தங்கராஜ் அங்குள்ள சிறு கழகங்களில் ஆடிப் பின் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தார். நெடிய உருவம், நீண்ட கைகள். ஆசியாவின் சிறந்த கோல்காப்பாளர் என்று 1958இல் பாராட்டப் பெற்றார். பலராம் அம்முகுடா என்னும் சிற்றூரில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்.

பலராமைப் பற்றி ஒரு செய்தி உண்டு. சிக்கந்தராபாத்தில் அவர் ஆடியதைக் கண்ட ரஹீம், ஐதராபாத்திற்குப் பயிற்சிக்கு வருமாறு அழைத்தார். வர வழியில்லை, அவ்வளவு தொலைவு நாள்தோறும் வந்து போகப் பையனிடம் காசில்லை. ரஹீம் சைக்கிள் வாடகைக்குப் பணம் கொடுத்தார். பலராம் வாடகைச் சைக்கிள் மிதித்து வந்தார். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரியிடம் நாம் 2-1 என்று மட்டுமே தோற்றபோது நம் ஒரு கோலையும் போட்டவர் அந்தப் பலராம்தான்.

அந்தச் சில அணாக்களைத் திறமையின் கணக்கில் எழுதுவதா, பயிற்சியின் கணக்கில் எழுதுவதா? எனக்கு இன்னும் விளங்கவில்லை. அம்முகுடாவில் பலராமின் கால் எப்போதும் அதே கால்தான். சைக்கிள் இல்லையேல் அதை யார் கண்டிருப்பார்?

ரோமைப் பற்றி இன்னும் ஒன்று. ரஹீமின் மகன் ஹக்கீமும் அந்த அணியில் இடம்பெற்றுச் சென்றிருந்தார். மூன்று ஆட்டங்களில் ஒன்றிலும் தந்தை அவரைக் களத்தில் இறக்கவில்லை. வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்குமோ! ஹங்கேரியிடம் தோற்று, பிரான்சுடன் 1-1 என்று சமன் செய்து, பெருவிடம் தோற்று அணி திரும்பியது.

இனி 1962, ஜகார்த்தா. ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கு இஸ்ரேலும் தைவானும் வர முடியாதபடி இந்தோனேசியா செய்ததை, இந்தியரான ஜி.டி. சோந்தி கண்டித்தார். அதனால் அந்நாட்டு மக்களின் சினம் இந்திய ஆட்டக்காரர்கள் மேல் திரும்பியது. நம்மவர் களமிறங்கினாலே கூச்சல். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. தாய்லாந்தை 4-1 என்று வென்ற ஆட்டத்தில் தடுப்பாளர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம், தையல் போட்டார்கள். தங்கராஜுக்குக் காய்ச்சல். ரஹீமுக்கோ, அவரை ஓராண்டுக்குள் கொண்டுபோகவிருந்த நோய் நெஞ்சுக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. அவர் விடாது புகைப்பவர்.

தலையில் கட்டுடன் இருப்பவனைப் பின்வரிசையில் நிறுத்தினால், வரும் பந்தையெல்லாம் தலையால் தடுக்க வேண்டியிருக்கும். உட்கார வைத்தாலோ அணியின் அச்சாணியை இழக்க வேண்டும். ரஹீம் யாரும் எதிர்பாராததைச் செய்தார். ஜர்னைல் சிங்கை முன்வரிசையின் நடுவில் நிறுத்தினார். இளமையில் ஜர்னைல் முன்வரிசையில் ஆடியவர் என்பது அவர் நினைவில் இருந்தது. மாணவனின் பழைய மதிப்பெண்ணை மறக்காத வாத்தியார்! ஜப்பானை 2-0 என்று வென்றிருந்த அணி, அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று வென்றது. ஜர்னைலும் ஒரு கோல் போட்டார்.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 4ஆம் நாள். எதிரே முதல் நாள் நம்மைத் தோற்கடித்த அதே தென்கொரியா. முந்திய இரவு ரஹீம் ஆட்டக்காரரிடம் நீண்ட உரை எதுவும் ஆற்றவில்லை. தமக்கு ஒரு பரிசு வேண்டும், அது நாளைய தங்கம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார் என்பார்கள். அரையிறுதியில் கோல் காத்த பர்மனுக்குப் பதிலாகக் காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜை நிறுத்தினார். உயரத்தில் வரும் பந்துகளுக்கு அந்த நீண்ட கைகள் வேண்டும். இலட்சம் பேர் கூடிய திடலில் நமக்காகக் குரல் கொடுத்தவர்கள் பாகிஸ்தானின் ஹாக்கி ஆட்டக்காரர்கள் என்பது அன்று ஆடியவர்கள் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்த செய்தி. முதல் 20 நிமிடத்திற்குள் பி.கே. பானர்ஜி ஒரு கோலும், ஜர்னைல் சிங் ஒரு கோலும் போட்டனர். கொரியா கடைசி நேரத்தில் ஒன்று திருப்பியது. 2-1. தங்கம்.

சில நாட்களுக்கு முன் 2-0 என்று தோற்ற அதே எதிரியை, அதே மனிதர்களைக் கொண்டு, இடங்களை மாற்றி நிறுத்தி வென்றார். சாப்பாட்டுக் கூடத்து நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் தாம் வென்றுவிட்டதாகக் கை தட்டினார். நான் விட்டுவிடவில்லை. நிறுத்தியவர் ரஹீம், தையல் போட்ட தலையோடு ஓடிக் கோல் போட்டவர் ஜர்னைல். மற்றொருவரை அங்கே நிறுத்தியிருந்தால் அந்தக் கோல் விழுந்திருக்குமா? அவரிடம் விடையில்லை. என்னிடமும் இல்லை.

1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் ரஹீம் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். வயது 53. அவர் வளர்த்த தலைமுறை இன்னும் சிறிது காலம் ஓடியது. 1964இல் ஹாரி ரைட் என்ற ஆங்கிலேயரின் பயிற்சியில் ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம். 1970இல் பாங்காக்கில், ஐதராபாத்தைச் சேர்ந்த நயீமுத்தீன் தலைமையில் வெண்கலம். ரோமுக்குப் பின் ஒலிம்பிக் கால்பந்துக்கு இந்தியா தகுதி பெறவே இல்லை. ஆசிய விளையாட்டில் அந்தத் தங்கம் மீண்டும் கிட்டவில்லை. இத்தனை கோடி மக்களுள் திறமையுள்ள கால்கள் பிறப்பது நின்றுவிட்டது என்று நான் நம்பவில்லை.

தங்கராஜ் 2008இல் மறைந்தார். பலராம் 2023 பிப்ரவரியில் மறைந்தார். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லிக் கடையிலிருந்து திரும்பும் வழியில் அம்முகுடாவுக்குச் சென்று வந்தேன். அங்கிருந்து நகரின் நடுவிலுள்ள பழைய பதே மைதானம், இன்றைய லால் பகதூர் ஸ்டேடியம், எவ்வளவு தூரம் என்று பார்க்க ஆசை. நண்பரின் சைக்கிளை இரவல் வாங்கியிருந்தேன். போய்ச் சேர்வதற்குள் சட்டை முழுதும் நனைந்துவிட்டது. அதன் பிறகு பந்தை உதைக்கச் சொல்லியிருந்தால் என்னால் நிற்கக்கூட முடிந்திராது.