மூன்று அணாவுக்கு இரண்டு மைல் படம்: தாதாசாகேப் பால்கேயின் வரவும் செலவும்

சினிமா கப்பலில் வந்த சரக்கு. அதனால்தான் முதலில் துறைமுக நகரங்களில் இறங்கியது. 1896 யூலை 7ஆம் திகதி பம்பாய் வாட்சன் ஹோட்டலில் பிரான்சின் லூமியர் சகோதரர்களின் படங்கள் காட்டப்பட்டன. அதற்கான விளம்பரம் டைம்ஸ் ஒஃப் இந்தியா பத்திரிகையில் வந்தது. கட்டணம் ஒரு ரூபா. அந்தப் படங்களைக் கொண்டுவந்தவர் அவுஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் பம்பாயில் தங்கியவர். அதே ஆண்டு ஒக்டோபர் 13ஆம் திகதி, இன்று நாங்கள் வாழும் ஒக்லாந்திலும் முதல் படக்காட்சி நடந்தது.

பம்பாயில் வந்த விளம்பரம் ஆங்கிலம் படித்தவர்களுக்கானது. ஒரு ரூபா என்றால் 16 அணா. சாதாரண சனம் அந்தப் பக்கம் போயிருக்காது. அந்தச் சனத்துக்காகவே படம் எடுத்து, மூன்று அணாவுக்கு அதை விளம்பரம் செய்து விற்றவர் தாதாசாகேப் பால்கே.

துண்டிராஜ் கோவிந்த் பால்கே 1870 ஏப்ரல் 30ஆம் திகதி, நாசிக்குக்குப் பக்கத்தில் உள்ள திரியம்பக்கில் பிறந்தார். பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியிலும் பரோடா கலாபவனிலும் படித்தார். கோத்ராவில் புகைப்பட நிலையம் வைத்தார். கொள்ளைநோயில் முதல் மனைவியையும் பிள்ளையையும் பறிகொடுத்தார். பின்பு அச்சகம் தொடங்கினார். தொழில் நன்றாக நடந்தபோதும் பங்காளர்களோடு ஒத்துப்போகவில்லை, வெளியேறினார். நாற்பது வயதில் கையில் தொழில் இல்லை.

1911இல் கிர்காவில் ஒரு கொட்டகையில் இயேசுவின் வாழ்க்கைப் படத்தைப் பார்த்தார். அதேபோல இராமனையும் கிருஷ்ணனையும் திரையில் காட்ட வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. பணம்? 12,000 ரூபா ஆயுள் காப்புறுதியை ஈடு வைத்து 10,000 ரூபா கடன் எடுத்தார். 1912 பெப்ரவரியில் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அங்கே தொழிலைக் கற்று, ஒரு வில்லியம்சன் கமெராவும் வாங்கிக்கொண்டு ஏப்ரலில் ஊர் திரும்பினார்.

அடுத்து நடிகர்கள் வேண்டும். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். ஆண்கள் வந்தார்கள். பெண் வேடத்துக்கு நல்ல குடும்பத்துப் பெண்கள் எவரும் வரவில்லை. கடைசியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாதம் 10 ரூபாவுக்கு வேலை செய்த அண்ணா சாலுங்கே என்ற இளைஞரை 15 ரூபாவுக்குக் கூட்டிவந்து, அரிச்சந்திரனின் மனைவி தாராமதியாக நடிக்க வைத்தார். படத்தில் வேலை செய்வது அந்நாளில் மானக்கேடு. ஆகவே வெளியில் கேட்டால் அரிச்சந்திரன் தொழிற்சாலையில் வேலை என்று சொல்லும்படி ஆட்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்.

இந்தத் தொழிற்சாலையின் பாதி வேலையைச் செய்தவர் அவருடைய இரண்டாவது மனைவி சரஸ்வதிபாய். அறுபது எழுபது பேருக்கு நாள்தோறும் சமைத்தார். வெயிலில் வெள்ளைத் துணியைப் பிடித்து நடிகர் முகத்தில் வெளிச்சம் விழச் செய்தார். இரவில் பிலிமின் ஓரத்தில் துளை போட்டார், படம் கழுவும் மருந்து கலந்தார். பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். காசு முட்டுப்பட்டபோது நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்.

ராஜா ஹரிச்சந்திரா 1913 மே 3ஆம் திகதி பம்பாய் கொரனேஷன் கொட்டகையில் வெளியானது. பத்திரிகை விளம்பரத்தில் படத்தோடு நடனமும், காலால் வித்தை காட்டுபவரும், நகைச்சுவைத் துண்டுகளும் சேர்ந்தே இருந்தன. படத்தை மட்டும் நம்பிச் சனம் வராது என்ற பயம். ஆனால் பம்பாயில் சனம் வந்தது.

சூரத்தில் கதை வேறு. முதல் நாள் வசூல் மூன்று ரூபா என்று சொல்வார்கள். காரணம் எங்களுக்கு இலகுவாக விளங்கும். எங்கள் ஊர்களில் நடிகமணி வைரமுத்துவின் மயான காண்டத்தை விடிய விடியப் பார்த்த சனத்திடம், அதே கதையை ஒன்றரை மணித்தியாலத்தில் முடிப்போம், காசு மட்டும் கூட என்றால் யார் வருவார்கள்? சூரத்தில் இரண்டு அணாவுக்கு ஆறு மணிநேர நாடகம் இருந்தது. படத்துக்கோ மூன்று அணா. சாலுங்கேயின் பழைய சம்பளத்தில் அது அரைநாள் கூலிக்கும் மேல்.

பால்கே விலையைக் குறைக்கவில்லை. விளம்பரத்தை மாற்றினார். 57,000 புகைப்படங்கள், இரண்டு மைல் நீளப் படம், எல்லாம் மூன்றே அணாவுக்கு என்று அறிவித்தார். கொட்டகை நிறையத் தொடங்கியது. சினிமா என்ன என்று அந்தச் சனத்துக்குத் தெரியாது. ஆனால் எண்ணிக்கை தெரியும், நீளம் தெரியும். துணிக்குப் பேர்போன ஊரில் நீளத்தைச் சொல்லி விற்றால் எவருக்கும் விளங்கும்.

தொழிலால் நான் கணக்காளன். எண்ணைக் கண்டால் சரிபார்க்காமல் விட மனம் வராது. ஓர் அடி பிலிமில் 16 படங்கள் இருக்கும். இந்தப் படத்தின் நீளம் 3,700 அடி. பெருக்கினால் 59,200. ஆக, 57,000 என்பது நேர்மையான எண். கொஞ்சம் குறைத்தே சொல்லியிருக்கிறார். ஆனால் இரண்டு மைல் என்பது 10,560 அடி. படம் முக்கால் மைல்கூட வராது. கணக்காய்வில் ஒரு வரி தேறியது, மற்ற வரி ஏறக்குறைய மூன்று மடங்கு ஊதிப்போயிருக்கிறது.

1917இல் வந்த லங்கா தகனம் பெரும் வெற்றி. பெயரைக் கேட்டால் எங்களுக்கு வேறு தீ நினைவுக்கு வரும்; இது அனுமன் வாலில் பிடித்த தீ. சென்னையில் அதன் வசூலை மாட்டு வண்டியில் ஏற்றி, பொலிஸ் காவலோடு கொண்டுபோனார்கள் என்பது இன்றும் சொல்லப்படும் கதை. 1918இல் பம்பாய் முதலாளிகளோடு சேர்ந்து இந்துஸ்தான் படக் கம்பனி தொடங்கினார். திரும்பவும் செலவுக் கணக்கில் பிணக்கு, திரும்பவும் விலகல். 1931இல் பேசும் படம் வந்ததும் அவருடைய காலம் முடிந்தது. 1937இல் கங்காவதரணம் என்ற ஒரு பேசும் படம் எடுத்தார், அதுவே கடைசி. 1944 பெப்ரவரி 16ஆம் திகதி நாசிக்கில், பெரிய சொத்து எதுவும் இல்லாமல் காலமானார். 1969 முதல் இந்தியாவின் உயர்ந்த திரை விருது அவர் பெயரில் கொடுக்கப்படுகிறது.

57,000 படங்களை எண்ணிச் சொன்ன விளம்பரத்தில், அந்தப் பிலிமுக்குத் துளை போட்ட கையைப் பற்றி ஒன்றும் இல்லை. சரஸ்வதிபாயின் உழைப்பும் நகையும் எந்த ஐந்தொகையிலும் ஏறவில்லை. அவர் போட்டது கடன் என்றால் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். முதல் என்றால் பங்கு கொடுத்திருக்க வேண்டும்.

இது பம்பாயில் மட்டும் நடந்த கதை அல்ல. தாலிக்கொடியும் காப்பும் அடைவுக்குப் போன பிறகுதான் எங்களில் பலர் விமானம் ஏறினோம். ஏஜென்ஸிக்குக் கட்டிய தொகை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதற்காக எத்தனை பவுண் போனது, யாரிடம் ஈடு வைத்தது, பிறகு மீட்டதா இல்லையா என்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அவர் இருக்கும்போதே கேட்டு, ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வையுங்கள்.