டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்: ஜீவிய சரித்திரச் சுருக்கம்

உலகில் வாழ்ந்து மறைந்தோர் பலர். பிறர் நோய் தீரும் பொருட்டுத் தம் வாழ்நாளைச் செலவிட்டோர் சிலர். அச்சிலருள்ளும், தாம் செய்த நன்மையின்மீது தம் பெயரை எழுதி வையாது சென்றோர் மிகச் சிலரேயாவர். அத்தகையோருள் ஒருவராகிய டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்களின் சரித்திரத்தை நம் சங்கத்து அங்கத்தினர்களும் அவர்தம் குடும்பத்தினரும் அறிந்திருத்தல் நலமெனக் கருதி, இம்மாத இதழில் சுருக்கமாக எழுதத் துணிந்தோம்.

ஆந்திர தேசத்தவராகிய அவருக்கும் கீழக்கரையாகிய நம் கடற்கரையூருக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் வினவக்கூடும். நம் தெருவில் கருவுற்ற பெண் ஒருத்தி அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சென்றால், சிவப்பு நிறமுள்ள சிறு மாத்திரைகளை அவள் கையில் கொடுத்தனுப்புகின்றனர். அம்மாத்திரையில் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலம் என்னும் சத்தும் அடங்கியுள்ளன. இவ்விரண்டனுள் பின்னதை ரசாயனசாலையில் செய்து, ஏழைக்கும் எட்டும் பொருளாக்கிய ஆராய்ச்சிக் கூட்டத்திற்குத் தலைவராய் நின்றவரே சுப்பாராவ். அம்மாத்திரையோ நம்மவர் வீடுகள் பலவற்றில் அலமாரியின் மூலையிலே கிடக்கின்றது. அதன் பின்னே எத்தனை மரணங்களும் எத்தனை மாந்தரின் உழைப்பும் நிற்கின்றன என்பதை அறிந்தோர் அதனை அவ்வாறு கிடக்க விடார்.

பிறப்பும் இளமையும்

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ஆம் தேதி, அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தந்தையார் பெயர் ஜகந்நாதம். தாயார் பெயர் வெங்கம்மா. குடும்பம் பெரிது, வருவாய் சிறிது. பிள்ளை கல்வி கற்றே தீரவேண்டும் என்பதில் தாயார் உறுதியுடன் இருந்தார். ஆயினும் பிள்ளை ஆரம்பத்தில் படிப்பிற் சிறந்து விளங்கியவர் அல்லர். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையிலிருந்து எழுதித் தேறினார். ஒரு பரீட்சையில் தவறிய பிள்ளையைப் பயனற்றவன் என்று ஒதுக்கும் பெற்றோர் இவ்விடத்தைச் சற்று நின்று படிப்பாராக.

பின்னர் அவர் மாநிலக் கல்லூரியிற் கற்று, சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். துறவு பூண்டு தொண்டு செய்ய வேண்டும் என்ற விருப்பம் அவருக்கு இருந்தது; தாயார் அதற்கு இசையவில்லை. 1919-ஆம் ஆண்டில் சேஷகிரி என்னும் பெண்ணை மணந்தார். மாமனாரின் பொருளுதவி அவர் கல்விக்குத் துணை நின்றது.

அக்காலம் காந்தியடிகளின் இயக்கம் பரவிய காலம். சுப்பாராவும் அந்நிய ஆடையை விலக்கி, கதர்த் துணியாலான அங்கியை அணிந்து சத்திரசிகிச்சை வகுப்பிற்குச் சென்றார். அது மேலிருந்த ஆங்கிலேய ஆசிரியருக்கு உவப்பாயில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாகவே எழுதியிருந்தும், அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குத் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. அரசாங்க வைத்திய உத்தியோகத்தின் கதவு அடைபடவே, சென்னையில் டாக்டர் லக்ஷ்மிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியராக அமர்ந்தார்.

குடும்பத்தில் விழுந்த இடி

இளமையிலேயே அவர் தம் சகோதரர் இருவரை நோய்க்குப் பறிகொடுத்தார். அந்நோயை ஆங்கில வைத்தியர் ஸ்புரூ என்பர். நம் நாட்டு வைத்தியர் கிராணி என்று வழங்கும் நோய்வகையோடு ஒத்தது. உண்ட உணவின் சாரத்தைக் குடல் ஏற்பதில்லை. வயிற்றுப்போக்கு நீடிக்கும், நாக்கு சிவந்து புண்ணாகும், உடல் மெலியும், இரத்தம் நீர்த்து முகம் வெளுக்கும். இறுதியில் நோயாளி, நிறைந்த பாத்திரத்தின் முன்னே பட்டினி கிடப்பவன்போல் மாய்வான். அக்காலத்தில் அதற்குத் தக்க மருந்து இல்லை. வைத்தியம் கற்ற ஒருவர் தம் உடன்பிறந்தார் இறப்பதைக் கையாலாகாது பார்த்து நின்ற துயரம் எத்தகையது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவர் வாழ்க்கை சென்ற வழியை நோக்கின், அத்துயரம் அவரை விட்டு ஒருநாளும் நீங்கவில்லை என்றே தோன்றுகின்றது.

கடல் கடந்தது

மேற்கல்வி கற்க அமெரிக்கா செல்லுதற்கு அவரிடம் பொருள் இல்லை. காக்கிநாடாவிலுள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தரும ஸ்தாபனத்தார் உதவுவதாக வாக்களித்தனர். மாமனாரும் பொருள் திரட்டித் தந்தார். இவ்வாறு 1920-களின் தொடக்கத்தில் அவர் பாஸ்டன் நகரை அடைந்து, ஹார்வர்ட் சர்வகலாசாலையில் உஷ்ணதேச நோய்களைப் பற்றிய வகுப்பிற் சேர்ந்தார். இந்தியப் பட்டத்தை மதித்து வைத்திய வேலை கொடுப்பார் அங்கு இலர். ஆகவே ஓர் ஆஸ்பத்திரியில் இரவு நேரத்து ஊழியராகி, நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவி, அக்கூலியால் வயிறு வளர்த்தார். பகலிற் படிப்பு, இரவில் அவ்வூழியம்.

புறப்படுங்கால் மனைவியார் கருவுற்றிருந்தார். பிறந்த ஆண்மகவு சிசுப் பருவத்திலேயே இறந்தது; தந்தை அதன் முகத்தைக் கண்டிலர். சில ஆண்டுகளில் திரும்புவதாகச் சென்றவர் பின் ஒருபோதும் திரும்பவில்லை. கொழும்புக்கும் மலாய் நாட்டிற்கும் கப்பலேறிச் சென்ற ஆடவரின் வரவை நோக்கித் திண்ணையிற் காத்திருந்த பெண்களின் வரலாறு நம் கரையோர ஊர்களுக்குப் புதிதன்று. பெரியோர் சரித்திரம் எழுதுவோர் இத்தகையவற்றை மறைத்து விடுவர். நாம் மறைக்க விரும்பவில்லை. சுப்பாராவ் உலகிற்குக் கொடுத்ததன் விலையில் ஒரு பங்கை, அவரைக் கேளாமலே, அவர் மனைவியாரும் செலுத்தினார் என்பதை நினைவிற் கொள்ளுதல் நியாயம்.

ஹார்வர்டில் ஸைரஸ் ஃபிஸ்கே என்னும் பேராசிரியரிடம் ரசாயன ஆராய்ச்சியில் அமர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலுமுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையொன்றை இருவரும் 1925-இல் வெளியிட்டனர். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்னும் பெயரால் அதனை மாணாக்கர் இன்றும் கற்கின்றனர். தசைகள் இயங்குதற்குரிய சக்தியைச் சேமித்து வைக்கும் பாஸ்போகிரியாட்டின் என்னும் பொருளை 1927-இலும், அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் பொருளை 1929-இலும் அவர்கள் வெளிப்படுத்தினர். பின்னதை ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியே கண்டார். 1930-இல் சுப்பாராவுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. எனினும் அச்சர்வகலாசாலையில் நிலையான பதவி கிடைக்கவில்லை.

இரத்தசோகை ஆராய்ச்சியின் நிலை

இனி, அவர் பின்னர்ச் செய்த பெருங்காரியத்தை அறிதற்கு, அக்காலத்தில் இரத்தசோகை பற்றிய ஆராய்ச்சி எந்நிலையில் இருந்தது என்பதைக் கூறவேண்டும். சோகை ஒரே நோயன்று. இரும்புச்சத்துக் குறைந்தால் செவ்வணுக்கள் சிறுத்து வெளுக்கும். வேறொரு வகையில் அணுக்கள் தொகையிற் குறைந்து, முதிராமல் பருத்துக் காணும். இவ்வகைக்கு இரும்பு மட்டும் கொடுத்துப் பயனில்லை. இதனுள் ஒரு பிரிவு உயிர்க்கொல்லியாயிருந்தது. அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்னும் இருவர், அந்நோயாளிகளுக்கு நாள்தோறும் ஈரலை மிகுதியாக உண்பித்து உயிர் காக்கலாம் என்று 1926-இல் காட்டினர். ஈரலிலுள்ள எந்தப் பொருள் நோயைத் தீர்க்கின்றது என்பதே பின்வந்தோர் ஆராய்ந்த வினா. சுப்பாராவும் ஹார்வர்டிலிருந்தபோதே ஈரற்சாரத்தைப் பிரித்து ஆராயத் தொடங்கினார்.

இதற்கிடையே நம் நாட்டிலும் ஒரு பெருஞ் செயல் நடந்தது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் டாக்டர், கருவுற்ற பெண்களைக் கொல்லும் சோகையை ஆராயும் பொருட்டு 1928-இல் பம்பாய்க்கு வந்தார். பின்னர் நம் மாகாணத்துக் குன்னூரிலும், 1931-இல் சென்னைக் கோஷா ஆஸ்பத்திரியிலும் பணி செய்தார். இன்று கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என வழங்குவது அதுவே. ஏழைப் பெண்களின் உணவில் ஏதோ ஒரு சத்துக் குறைவே நோய்க்குக் காரணம் என்று கண்டு, ஈஸ்ட் என்னும் புளிப்புப் பொருளின் சாரமாகிய மார்மைட்டைக் கொடுத்துப் பலரைப் பிழைப்பித்தார். மலிவான அப்பண்டத்தில் ஒளிந்திருந்த மருந்துப் பொருள் இன்னது என்று அன்று எவரும் அறியார். சுப்பாராவ் மெட்ரிகுலேஷன் எழுதிய பள்ளியும் இவ்வாஸ்பத்திரியும் திருவல்லிக்கேணிப் பகுதியிலேயே உள்ளன என்பது நினைக்கத்தக்கது.

1941-இல் அமெரிக்க அறிஞர் மூவர், டன் கணக்கான பசலைக் கீரையிலிருந்து சிறிதளவு சத்தைப் பிரித்தனர். இலை என்னும் பொருள்படும் லத்தீன் சொல்லைக் கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். வண்டி வண்டியாய்க் கீரையை அரைத்து மருந்தெடுப்பது நோயாளிகளுக்குப் போதுமோ? அதனைச் செயற்கையாகச் செய்ய வேண்டியிருந்தது.

மருந்து பிறந்தது

1940-இல் சுப்பாராவ், நியூயார்க் ராஜ்யத்துப் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லே மருந்து ஆராய்ச்சிசாலையிற் சேர்ந்து, பின் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். பலரைச் சேர்த்து ஒரே குறியில் நிறுத்தும் ஆற்றல் அவரிடம் சிறந்து விளங்கிற்று. அங்கு 1943-இல் ஸ்டாக்ஸ்டாட் அச்சத்தைப் படிகமாகப் பிரித்தார். 1945-இல் ஆங்கியர் முதலிய பலர் கூடி அதனைச் செயற்கையாகவே செய்து முடித்தனர். அவ்வறிக்கையில் பதினைந்துக்கு மேற்பட்டோர் பெயர் வரிசையாக இருக்கின்றன; தலைவராகிய சுப்பாராவின் பெயர் அவற்றுள் ஒன்று, அவ்வளவே.

உடனே டாம் ஸ்பைஸ் என்னும் வைத்தியர் அம்மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பருத்த அணுச் சோகையால் படுத்திருந்தோருக்குச் சில நாட்களிலேயே புதிய செவ்வணுக்கள் பெருகின, பசி எடுத்தது, எழுந்து நடந்தனர். கியூபாத் தீவில் ஸ்புரூ நோயாளிகளுக்குக் கொடுத்தபோதும் அவ்வாறே குணம் கண்டது. சகோதரரைக் கொன்ற நோய்க்கு மருந்து, தம்பியின் ஆராய்ச்சிசாலையிலிருந்தே வெளிவந்தது! இன்னுமொன்று கூறுவோம். அதே இடத்தில் அவர் மேற்பார்வையில் டக்கர் என்னும் முதியவர் மண்ணிலுள்ள நுண்ணுயிரிலிருந்து கண்டுபிடித்த ஆரியோமைஸின் 1948-இல் வெளியாயிற்று. அம்மருந்தின் இனத்தைச் சேர்ந்த டெட்ராசைக்ளினும் ஃபோலிக் அமிலமுமே ஸ்புரூ நோய்க்கு இன்றும் கொடுக்கப்படுகின்றன.

இம்மருந்துக்கும் எல்லையுண்டு. ஈரல் உண்பித்துத் தீர்த்த அக்கொடிய சோகையில் ஃபோலிக் அமிலம் இரத்தத்தைத் தேற்றினாலும், நரம்புகளின் கேட்டை நிறுத்தாது. அதற்குரியது பி12 என்னும் வேறொரு சத்து. அதனை 1948-இல் பிறர் பிரித்தெடுத்தனர். ஆகவே சோகை எவ்வகையது என்று இரத்தத்தைச் சோதித்தறிந்தே வைத்தியம் செய்தல் முறை.

ஃபோலிக் அமிலம் இரத்த அணுக்களை வளர்க்குமாயின், அதன் உருவை ஒத்து அதன் செயலைத் தடுக்கும் பொருள், வெறிகொண்டு பெருகும் இரத்தப் புற்றுநோய் அணுக்களை அடக்குமன்றோ? பாஸ்டன் வைத்தியர் ஸிட்னி ஃபார்பருக்கு அத்தகைய அமினாப்டெரினைச் செய்தனுப்பியவரும் சுப்பாராவின் கூட்டத்தாரே. அதனைப் பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்குச் சிறிது காலமேனும் நோய் தணிந்ததை ஃபார்பர் 1948 ஜூனில் வெளியிட்டார். மருந்தால் அப்புற்றுநோயை எதிர்க்கும் வழி அதனாலே திறந்தது. யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ரஸான் என்ற மருந்தும் 1947-இல் அவ்விடத்தே தோன்றிற்று.

மறைவு

1948 ஆகஸ்டு மாதத்தில், 53-ஆம் வயதில், சுப்பாராவ் உறக்கத்திலேயே இருதய நோயால் காலமானார். இந்தியக் குடியாகவே வாழ்ந்து இந்தியக் குடியாகவே இறந்தார். தம் பெயரை முன்னிறுத்தாமையால் தாய்நாட்டிலும் அவரை அறிந்தோர் குறைவு. 1995-இல் அவர் நூற்றாண்டு நினைவாக இந்திய அரசாங்கம் தபால் தலை வெளியிட்டது.

நாம் செய்யத்தக்கது

இச்சரித்திரத்தைப் படித்து மகிழ்ந்து இதழை மடித்து வைத்தல் போதாது. 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, நம் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்குச் சோகை உள்ளது. மருந்து இல்லாத காலத்தில் இறந்தோரைக் குறித்து இரங்குகிறோம். மருந்து வீட்டிலிருக்க வாடுவோரைக் குறித்து யாது சொல்வோம்?

மாத்திரை தின்றால் பிள்ளை கறுக்கும், பெருக்கும் என்பன வீண் பேச்சு. மலம் கறுத்துப் போதலும், சிறிது குமட்டலும் இரும்பின் குணம். அவற்றுக்கு அஞ்சி நிறுத்தற்க. கருவுற்ற நான்காம் மாதந் தொடங்கி 180 நாளும், பிள்ளைப்பேற்றின்பின் 180 நாளும், வைத்தியர் சொன்னபடி நாள்தோறும் ஒன்று உட்கொள்ளல் வேண்டும். உணவோடு தேநீர் அருந்தின் இரும்பு உடலிற் சேராது. சற்று நேரம் கழித்தே அருந்துக. கீரையை வேகவைத்த நீரைக் கொட்டாதீர். இலைச்சத்து அதனுடன் போய்விடும். குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் கரு உண்டான முதல் மாதத்திலேயே உருவாகின்றன. ஆதலால் மகப்பேறு வேண்டும் பெண்கள் கருவுறுமுன்னரே ஃபோலிக் அமிலம் உட்கொள்ளத் தொடங்குதல் நலம். அதனால் அவ்வுறுப்புக்களின் குறை பெரிதும் தடுக்கப்படும் என்பது 1991-இல் ஐயமற நிறுவப்பட்டது.

எல்லாவற்றினும் மேலாக, ஆடவரும் பிள்ளைகளும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கத்தை நம் வீட்டுப் பெண்கள் விடவேண்டும். விடும்படி ஆடவர் செய்யவேண்டும். ஒரு தரும ஸ்தாபனம் ஏழை மாணவன் ஒருவனுக்குக் கொடுத்த வாக்கு எத்தனை கோடி உயிர்க்கு மருந்தாயிற்று என்பதை எண்ணி, நம் சங்கத்துக் கல்வி நிதிக்கு ஈவோரும் மனம் தளராதிருப்பாராக. அலமாரியில் கிடக்கும் அம்மாத்திரைகளை இன்றே எடுத்துத் தம் மனைவியர் மகளிர் கையில் கொடுக்குமாறு அங்கத்தினர் யாவரையும் வேண்டிக்கொள்கிறோம்.