ஹெர்னியா ஆபரேஷனை மாற்றி எழுதிய இத்தாலிய டாக்டர்: யார் இந்த பாசினி?

கனமான பொருளைத் தூக்கும்போதோ, விடாமல் இருமும்போதோ தொடை இடுக்கில் ஒரு வீக்கம் தெரியும். படுத்தால் உள்ளே போய்விடும். குடல் இறங்கிடுச்சு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இந்த ஹெர்னியாவைத்தான். இப்போது பெரும்பாலானவர்களுக்கு இது ஓரிரு நாளில் வீடு திரும்பும் ஆபரேஷன். 140 வருஷங்களுக்கு முன்பு அப்படி இல்லை. அதை மாற்றியவர் எடோர்டோ பாசினி.

போரில் பட்ட காயம்

1844-ல் இத்தாலியின் பாவியா நகரில் பிறந்தவர். 22 வயதிலேயே டாக்டர். ஆனால், கிளினிக் போடாமல் போருக்குப் போனார். போப்பின் ஆட்சியில் இருந்த ரோமை இத்தாலியோடு சேர்க்கப் போராடிய கரிபால்டி ஆதரவாளர்களுடன் இணைந்தார்.

1867 அக்டோபரில், ரோமுக்கு அருகே வில்லா க்ளோரியில் நடந்த மோதலில் எதிரியின் துப்பாக்கி முனைக் கத்தி அவரது வலது தொடை இடுக்கில் பாய்ந்தது. குடல் கிழிந்து, காயம் வழியாக மலம் கசிந்தது. கைதியாக ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தார். விடுதலையான பிறகு, பாவியாவில் லூயிஜி போர்ட்டா என்ற சர்ஜனின் சிகிச்சையில் தேறினார்.

அடுத்து வியன்னாவில் பில்ராத், லண்டனில் லிஸ்டர் என்று அந்தக் கால ஜாம்பவான்களிடம் கற்றார். காயத்தில் கிருமி சேராமல் ஆபரேஷன் செய்யும் முறையை உலகுக்குத் தந்தவர் லிஸ்டர். 1882-ல் பதுவா பல்கலைக்கழகத்தில் பாசினி பேராசிரியர் ஆனார்.

அப்படி என்ன செய்தார்?

அதுவரை பலருக்கும் கதி, வீக்கத்தை அழுத்திப் பிடிக்கும் பெல்ட்தான். ஆபரேஷன் செய்தாலும் பிதுங்கிய பையைக் கட்டிவிட்டு, மேலாகத் தைத்து மூடுவார்கள். உள்ளே பலவீனமான சுவர் அப்படியே இருக்கும். கொஞ்ச நாளில் குடல் திரும்பவும் இறங்கிவிடும்.

பிரச்சினை பையில் இல்லை, சுவரில் இருக்கிறது என்று பிடித்தார் பாசினி. 1884-ல் தொடங்கிய அவரது முறையில், குடல் இறங்கும் பாதையை முழுசாகத் திறந்து, பையை அதன் அடிவரை பிரித்துக் கட்டினார். பிறகு வயிற்றுச் சுவரின் மூன்று அடுக்குகளைச் சேர்த்து, கீழே இருக்கும் தசைநாரோடு தைத்தார். அதாவது, ஓட்டையை அடைக்கவில்லை. சுவரையே திரும்பக் கட்டினார்.

ஆபரேஷனோடு வேலை முடிந்தது என்றும் விடவில்லை. நோயாளிகளை வருஷக்கணக்கில் தொடர்ந்து பரிசோதித்தார். 262 ஆபரேஷன்களின் விவரத்தை வெளியிட்டபோது, ஹெர்னியா திரும்ப வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

இன்று?

பாசினி 1924-ல், 80 வயதில் காலமானார். இப்போது தையலை இழுத்துக் கட்டுவதற்குப் பதில் பெரும்பாலும் வலை வைக்கிறார்கள், லேப்ராஸ்கோப்பியும் வந்துவிட்டது. ஆனால், பலவீனமான சுவரைப் பலப்படுத்த வேண்டும் என்ற அடிப்படை அவருடையதுதான்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். வலி இல்லை என்று பலர் ஹெர்னியாவைத் தள்ளிப்போடுகிறார்கள். வீக்கம் உள்ளே போகாமல் கெட்டியாகி, கடும் வலியும் வாந்தியும் வந்தால் குடல் சிக்கி, ரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம். அப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.